ஏடு எதிரேறிய ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: மனதில் படுவதைத் தினமும் ஒரு நோட்டில் கையால் எழுதி வையுங்கள், பாரம் குறையும் என்கிறாள் என் மகள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? என் கையெழுத்து வேறு கோழி கிளறின மாதிரி இருக்கும். செல்போனில் தட்டி வைத்தால் ஆகாதா?
– ஒரு வாசகர், சோழவந்தான்

பதில்: வேறு ஊர்க்காரர் ஏட்டை இளக்காரமாகப் பேசியிருந்தால் விட்டிருப்பேன். சோழவந்தான்காரர் பேசலாமா? பக்கத்தில் இருக்கிற திருவேடகத்துக்குப் பெயர் வந்ததே ஓர் ஏட்டால்தான் என்பார்கள். 7-ஆம் நூற்றாண்டில் மதுரையில் சம்பந்தருக்கும் சமணருக்கும் புனல்வாதம், அதாவது யார் ஏடு ஆற்றை எதிர்த்து ஏறுகிறதோ அவருக்கு வெற்றி. அவரவர் ஏட்டை வைகையில் விட்டார்கள். சமணர் எழுதியது 'அத்தி நாத்தி', அதாவது உண்டு, இல்லை. அது ஆற்றோடு போனது. சம்பந்தரின் 'வாழ்க அந்தணர்' ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏற, அமைச்சர் குலச்சிறையார் குதிரையில் விரட்டிப்போய் ஏடகத்தில் எடுத்தார் என்கிறது புராணம். யார் பக்கம் நியாயம் என்ற வழக்குக்குள் நான் வரவில்லை. முன்பு இதே பக்கத்தில் வாயைக் கொடுத்து, மூன்று மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

என் கவலை வேறு. அந்த வாதத்தை இன்றைக்கு வைத்தால்? இரண்டு ஏடும் மணலில் போட்ட இடத்திலேயே கிடக்கும், ஆட்டம் டிரா. அழகர் இறங்குவதற்காக அணையைத் திறக்கும் நாளாகப் பார்த்து வைத்தாலும், இரண்டும் ஆகாயத்தாமரையில் சிக்கிக்கொள்ளும். குலச்சிறையாரின் குதிரை கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டுவதற்குள் ஓலை மட்கிவிடும்.

சரி, கோழி கிளறலுக்கு வருகிறேன். தன் கையெழுத்து மோசம் என்று காந்தியே சுயசரிதையில் வருத்தப்பட்டிருக்கிறார். அதற்காக எழுதாமல் இருந்தாரா? 1909-இல் கப்பலில் ஒரு புத்தகம் எழுதும்போது வலது கை ஓய்ந்துபோக, இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பழைய ஓலைச்சுவடிகளைப் பாருங்கள், பெரும்பாலும் புள்ளியே இருக்காது. எழுத்தாணி ஓலையைக் குத்திவிடும். அப்படியும் நம் ஆட்கள் படித்தார்கள். இதைச் சொல்லித்தான் எங்கள் பிழைதிருத்துநரிடம் பத்து வருஷமாகச் சண்டை போடுகிறேன்: விட்டுப்போன ஓர் ஒற்றுக்கு இத்தனை சிவப்பு மையா? இந்தப் பத்தியிலும் கை வைத்திருப்பார், பாருங்கள்.

சுரைக்காய் பாக்கி. அப்பா போனபிறகு பரணில் ஒரு நீளக் கணக்கு நோட்டு கிடைத்தது. மதுரைப் புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பு அங்கே வாங்கியது. முழுக்க வரவு செலவுதான். ஒரு பக்கத்தில் மட்டும், 'சுரைக்காய் 1, வெற்றிலை 1 கவுளி' என்பதற்குக் கீழே, 'தம்பியிடம் கோபப்பட்டது தப்பு.' 'தப்பு' என்பதை அடித்துவிட்டு மேலே 'சரிதான்.' அதையும் அடித்து, ஓரத்தில் மறுபடி 'தப்பு.' முதல் இரண்டும் நீல மை, கடைசி கறுப்பு. அப்படியென்றால் வேறொரு நாள் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். சித்தப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாத அந்த ஆறு மாதத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. செல்போனில் தட்டியிருந்தால் கடைசித் 'தப்பு' மட்டும்தான் மிஞ்சியிருக்கும். 'சரிதான்' என்று முறுக்கிக்கொண்டு நின்ற மனிதரை எனக்குத் தெரிந்தே இருக்காது. சமணரின் அத்தி நாத்தியை வைகை கொண்டுபோய்விட்டது, அப்பாவுடையது பரணில் தப்பித்தது.

மகள் சொல்வதைக் கேளுங்கள். ஜவுளிக்கடை கொடுத்த டைரி மட்டும் வேண்டாம். நாளுக்கு ஒரு பக்கம் என்று அளந்து வைத்திருப்பார்கள். சண்டை போட்ட நாளுக்கு அது பத்தாது, மற்ற நாள் பால் கணக்குத்தான் ஏறும். கோடு போடாத நோட்டாக வாங்குங்கள். அடித்ததைக் கிழிக்காதீர்கள். யாருக்கும் காட்டவும் வேண்டாம், எங்கள் பிழைதிருத்துநருக்கு நிச்சயமாக வேண்டாம்.