பைலின்ட், ரஃப் போன்ற லின்டர்கள் (நிரலில் உள்ள குறைகளைச் சுட்டும் கருவிகள்) காட்டும் குறைகளையெல்லாம் திருத்தினால் பைத்தான் நிரல் வேகமாகுமா?

பெரும்பாலும் ஆகாது. லின்டர் நிரலை இயக்கிப் பார்ப்பதில்லை, மூல உரையைப் படிக்கிறது, அவ்வளவுதான். ஆகவே எந்த வரி ஒரே முறை இயங்குகிறது, எது லட்சம் முறை இயங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. வரியின் நீளம், இடைவெளி, பெயரிடும் முறை பற்றிய பெப் 8 (பைத்தானின் நடைக் கையேடு) விதிகள் படிப்பவருக்காக ஏற்பட்டவை.

எனினும் சில எச்சரிக்கைகள் வேகத்தையும் தொடுகின்றன. லாகிங் (நிரலின் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும்) அழைப்புக்குள் எஃப்-ஸ்ட்ரிங் (மதிப்புகளை உள்ளேயே பொதிந்த சரம்) எழுதினால், அந்தப் பதிவு நிலை அணைக்கப்பட்டிருந்தாலும் சரம் முழுவதும் உருவாக்கப்பட்டுவிடும் என்பதால், மதிப்புகளைத் தனியே அனுப்புமாறு பைலின்ட் சொல்கிறது. அடிக்கடி ஓடும் லூப்பில் இது பொருட்படுத்தத்தக்க சேமிப்பே.

இத்தகைய விதிகளுக்கும் ஆயுள் உண்டு. லூப்புக்குள் டிரை-எக்செப்ட் (பிழையைப் பிடிக்கும் அமைப்பு) வைப்பதைக் குறையாகக் காட்டும் ரஃப் விதி, பிழை எழாதபோது டிரை தொகுதிக்கு ஏறக்குறையச் செலவே இல்லாதபடி 2022இல் வெளிவந்த பைத்தான் 3.11 மாற்றியமைத்த பிறகு, அந்தப் பதிப்பு முதல் பொருந்துவதில்லை. பழைய பதிப்பில் இருப்பவர்கள் மட்டும் அதைக் கவனித்தால் போதும்.

வேகம்தான் நோக்கம் என்றால், பைத்தானுடனேயே வரும் சிபுரொஃபைல் என்ற நேரம் அளக்கும் கருவியை முதலில் ஓட்டி, நேரத்தை விழுங்கும் ஃபங்ஷனைக் கண்டறியுங்கள். பட்டியலில் திரும்பத் திரும்பத் தேடும் ஒரு வரியை செட்டுக்கு (விரைவாகத் தேட உதவும் தரவு அமைப்பு) மாற்றுவது, நூறு எச்சரிக்கைகளைத் தீர்ப்பதைவிட அதிகப் பலன் தரக்கூடும்.