இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் உள்ள போர்ன்வில் பகுதியில் மதுவிடுதி இல்லாததற்கும் குவேக்கர்களுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம் உண்டு. குவேக்கர்கள் சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்த, குடிப்பழக்கத்தை எதிர்த்த கிறித்தவப் பிரிவினர். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற இங்கிலாந்துத் திருச்சபையை ஏற்பதாக உறுதி தர வேண்டியிருந்ததால் அவர்களுக்கு அங்கே பட்டம் எட்டாக்கனி. அதனால் பலர் வியாபாரத்தில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜான் கேட்பரி, 1824-இல் பர்மிங்காமில் கடை திறந்து டீ, காபி, கோகோ விற்றார். சாராயத்துக்கு மாற்றாகக் கோகோ குடிக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

அவருடைய மகன்கள் 1879-இல் தொழிற்சாலையை ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். பிறகு அந்த மகன்களில் ஒருவரான ஜார்ஜ் கேட்பரி பக்கத்திலேயே குடியிருப்பு கட்டினார். அதுதான் போர்ன்வில். மனையில் கால் பங்குக்கு மேல் வீடு கூடாது, மீதி தோட்டம். குடிவருவதற்கு முன்பே பழமரங்களும் நட்டு வைத்தார்கள்! தொழிலாளர்கள் மட்டுமல்ல, வெளியாட்களும் குடியேறலாம். 1900-இல் அந்தக் குடியிருப்பை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். மதுவிடுதிக்கு இடமில்லை என்ற வழக்கம் அப்படித்தான் நிலைத்தது.

சரி, எல்லாம் புனிதம் என்று நினைக்க வேண்டாம். ஆப்பிரிக்காவை ஒட்டி, அப்போது போர்ச்சுக்கல் வசமிருந்த சாவோ டோமே தீவில் அடிமைகளைப்போல வேலை வாங்கி விளைவித்த கோகோவை, விஷயம் தெரிந்த பிறகும் கேட்பரி நிறுவனத்தார் சில ஆண்டுகள் வாங்கினார்கள், 1909-இல்தான் நிறுத்தினார்கள்.