யூகேஜி குழந்தைக்கு ரைமிங் வார்த்தைகளை எப்படிச் சொல்லித்தருவது?

பள்ளியில் ரைமிங் வார்த்தைகளை, அதாவது ஒரே ஓசையில் முடியும் சொற்களை, பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள், ஆனால் மகளுக்குப் பிடிபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியலைக் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள். ரைமிங் முதலில் காதுக்கான வேலை, எழுத்து அப்புறம்தான்.

மெரினாவுக்குப் போனால் மணலில் ஓடும் நண்டைக் காட்டி, "நண்டு... வண்டு... அடுத்து?" என்று நிறுத்துங்கள். குண்டு, துண்டு என்று வந்தால் சரி. "டண்டு" என்று பொருளில்லாமல் சொன்னாலும் பாராட்டுங்கள். ஓசை பிடிபட்டுவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. வராவிட்டால், "நண்டு, வண்டு, பால்: இதில் சேராதது எது?" என்று கேளுங்கள். சொந்தமாகச் சொல்வதைவிடச் சேராததைக் கண்டுபிடிப்பது சுலபம்.

இது பழகியபின் எழுத்துக்கு வாருங்கள். ஒரு அட்டையில் 'டம்' என்று பெரிதாக எழுதி, அதன் முன்னால் ப, த, வ, கு என்று சின்னச் சின்னத் துண்டுகளை மாற்றி மாற்றி வையுங்கள். படம், தடம், வடம், குடம். ஒரு எழுத்து மாறினால் சொல்லே மாறுகிறது என்பதைக் குழந்தை கையாலேயே உணரும். வாசிப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் கேட் (cat), பேட் (bat), மேட் (mat) சொற்களுக்கும் இதே அட்டை முறைதான்.

தினம் ஐந்து நிமிடம் போதும். சலித்தால் விட்டுவிடுங்கள்.