திருமங்கலம் சகோதரிக்கு: அவரைப் பூட்டி வைக்காதீர்கள்
சகோதரி, தினமும் குடித்த கணவர் நேற்று முன்தினம் திடீரென நிறுத்திவிட்டார், கை நடுங்குகிறது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்கிறார், மாமியார் அறையில் பூட்டச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து பூட்டாதீர்கள். இது பேய்க்கோளாறு அல்ல; பழகிய மது நின்றதால் மூளை கொந்தளிக்கிறது. வலிப்பு வரலாம், உயிரே போகலாம். இரண்டாம், மூன்றாம் நாள்தான் பெரும்பாலும் மிக மோசம்.

இப்போதே 108-ஐ அழைத்து மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை மறைக்காதீர்கள்; கௌரவம் பார்க்கிற நேரமா இது? நடுக்கத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்து மூளையின் கொந்தளிப்பை அடக்கும் லோராசிபாம் போன்ற மருந்து கொடுத்து, பிறகு படிப்படியாக அளவைக் குறைப்பார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவார்கள். நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கித் தராதீர்கள். இரவும் ஒருவர் உடன் தங்க வேண்டியிருக்கும். குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, துணைக்கு உறவினர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.