கார் போர்டிகோ தரையில் பெயிண்ட்: எடுப்பது எப்படி?

வீட்டுப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கார் போர்டிகோ 10 அடிக்கு 18 அடி. சிமெண்ட் தரையில் மூன்று வருடங்களுக்கு முன் பச்சை எனாமல் அடித்தோம். டயர் படும் இடத்தில் செதில் செதிலாக உரிகிறது. மற்ற இடங்களில் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் போய்விடும் என்கிறார் கொத்தனார். செய்யலாமா? – வாசகர், நாமக்கல்

ஆசிட் வேண்டவே வேண்டாம். ஊற்றியதும் புஸ்ஸென்று நுரை பொங்கும். பெயிண்ட் கரைகிறது என்று தோன்றும். உண்மையில் கரைவது சிமெண்ட். எனாமல் ஆசிட்டுக்கு அசையாது. அது ஏற்கெனவே உரிந்து வெறும் தரை தெரியும் இடங்களைத்தான் ஆசிட் அரிக்கும். கடைசியில் பச்சைத் திட்டுகள் அப்படியே நிற்க, நடுநடுவே மணல் தெரியும் பள்ளங்கள் மிஞ்சும். ஆவி பட்டு கேட்டும் கிரில்லும் துருப்பிடிக்கும். விரிசல் வழியே இறங்கினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் கேடு.

முதலில் அடித்தது எனாமல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய பருத்தித் துணியை என்.சி. தின்னரில் (பெயிண்ட்டை இளக்கும் கரைப்பான்) நனைத்து, ஓர் ஓரத்தில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். சுருங்கி, நகத்தால் சுரண்டினால் வழித்துக்கொண்டு வந்தால் எனாமல் அல்லது அக்ரிலிக் வகை. கல் மாதிரி அப்படியே இருந்தால் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்சி. அதற்கு ரிமூவர் வாங்கிச் செலவழிக்காதீர்கள், நேராக இயந்திரம்தான்.

உங்கள் தரை 180 சதுர அடி. ஜெல் வகைப் பெயிண்ட் ரிமூவர், சொரசொரப்பான சிமெண்ட்டில் லிட்டருக்குச் சுமார் 30 சதுர அடிதான் வரும். ஒரு கைக்கே ஆறு லிட்டர் ஆகிவிடும். இரண்டாவது கையும் தேவைப்படும். ஆகவே பரப்பு முழுவதையும் தேய்த்து எடுங்கள். ரிமூவரை மூலைகளுக்கும் சுவரோரத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உரிந்து நிற்பதை நீளக் கைப்பிடி வைத்த 4 அங்குல ஸ்கிராப்பரால் முதலில் தள்ளி எடுத்துவிடுங்கள். மொசைக் பாலீஷ் மெஷின் வாடகைக்குக் கிடைக்கும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதால் தூசி பறக்காது. ஆனால் எனாமல் சூட்டில் இளகி, சாதாரணக் கல்லின் துளைகளை ரப்பர் போல அடைத்துவிடும். அப்புறம் கல் வழுக்குமே தவிர வெட்டாது. “மெஷின் போட்டும் போகவில்லை” என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். டைமண்ட் பல் வைத்த தட்டு மாட்டித் தரச் சொல்லுங்கள்.

மெஷின் புகாத ஓரங்களுக்கு 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் டைமண்ட் கப் வீல். தட்டு தரையோடு சமமாகப் படிய வேண்டும். கை ஓரிடத்தில் நிற்கக் கூடாது. கொஞ்சம் சாய்ந்தாலும் பிறை வடிவில் தடம் விழும். பிறகு எந்தப் பெயிண்ட்டும் அதை மறைக்காது. இது உலர்ந்த வேலை. சாதாரண மின் கிரைண்டரில் தண்ணீர் விட்டால் ஷாக் அடிக்கும். கிளம்பும் தூசியில் சிலிகா இருக்கிறது, நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. என்-95 மாஸ்க்கும் கண்ணாடியும் கட்டாயம். தூசி உறிஞ்சும் வாக்குவம் சேர்த்து மாட்டினால் இன்னும் நல்லது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேய்த்த தரை பழைய வழவழப்போடு இருக்காது. மேலிருக்கும் சிமெண்ட் பால் போய், மணல் புள்ளிகள் தெரியும். முதலில் ஒரு சதுர அடி தேய்த்துப் பார்த்து, அந்தத் தோற்றம் பிடிக்கிறதா என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பாட்டி காலத்து ரெட் ஆக்சைடு தரைமேல் யாரோ எனாமல் அடித்துவிட்டார்கள். அடியில் உள்ள சிவப்பை மீட்க முடியுமா? – வாசகி, காரைக்குடி

முடியும், பொறுமை வேண்டும். இங்கே கிரைண்டர் கூடவே கூடாது. நிறச் சாந்து சில மில்லிமீட்டர்தான். ஒரு நொடியில் சாம்பல் சிமெண்ட் தெரிந்துவிடும். ஆசிட்டும் அதே சாந்தைத்தான் தின்னும். ரிமூவர் ஒன்றே வழி.

இரண்டுக்கு இரண்டடிப் பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷால் ஒரே திசையில், தடிமனாக ஒரு முறை பூசிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ரிமூவரில் மெழுகு கலந்திருக்கும். அது மேலே ஆடையாகப் படிந்து கரைப்பானைப் பறக்கவிடாமல் காக்கிறது. திரும்பத் திரும்பத் தேய்த்தால் அந்த ஆடை கிழிந்து, மருந்து காய்ந்துபோகும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பெயிண்ட் அப்பளம் மாதிரி கொப்பளிக்கும். மரத்தூள் தூவி, பிளாஸ்டிக் ஸ்கிராப்பரால் வழித்து டின்னில் போடுங்கள், சாக்கடையில் கழுவிவிடாதீர்கள். பிறகு தின்னர் துணியால் மெழுகைத் துடைத்து, சோப்புத் தண்ணீரால் அலசுங்கள்.

நுண்துளைகளில் தங்கிய பெயிண்ட்டுக்குப் பற்றுப் போட வேண்டும். முல்தானி மிட்டியை ரிமூவரில் குழைத்து, கால் அங்குலக் கனத்தில் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளை எடுத்து உலரவிட்டால், கரைந்த நிறத்தை மண் இழுத்துக்கொள்ளும்.

ரிமூவர் டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்ற கரைப்பானின் பெயர் இருந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குனிந்து சுரண்டுபவர் அதைத்தான் சுவாசிப்பார். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. என்-95 மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து, மின்விசிறியால் காற்றை வெளியே தள்ளுங்கள். மெல்லிய மருத்துவக் கையுறை சில நிமிடங்களில் விட்டுவிடும். அதைத் தாங்கும் ரசாயனக் கையுறையே கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்கலாம். எனவே உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

கேள்வி: சுவருக்கு அடித்த எமல்ஷன் சிமெண்ட் தரையில் சொட்டுச் சொட்டாகக் காய்ந்துவிட்டது. – வாசகர், விழுப்புரம்

வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து, நனைத்த துணியை அதன்மேல் அரை மணி நேரம் போட்டுவைத்துப் பிறகு சுரண்டுங்கள். மிஞ்சினால் தின்னர் தொட்ட துணி. மண்ணெண்ணெய் வேண்டாம், தரையில் ஊறி, பின்னால் அடிக்கும் பெயிண்ட் ஒட்டாது.

கேள்வி: பழைய பெயிண்ட்டை எடுத்தாகிவிட்டது. உடனே புதிதாக அடிக்கலாமா? – வாசகி, தாம்பரம்

பழையது ஏன் உரிந்தது என்று தெரியாமல் அடித்தால் அடுத்த மழைக்காலத்தில் இதே கேள்வி வரும். பெரும்பாலும் காரணம் தரைக்கடியிலிருந்து ஏறும் ஓதம். ஈரம் வந்தால் சிமெண்ட்டின் சுண்ணாம்புக் காரம் எண்ணெய்ப் பெயிண்ட்டைச் சோப்பாக மாற்றிவிடும். பிடிமானம் போய், பிசுபிசுத்துக் கழன்றுவிடும்.

ஒன்றரை அடிச் சதுரமாகக் கெட்டி பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். பிரித்ததும் தாளின் உட்புறம் நீர்த்துளியோ, தரை கருத்தோ இருந்தால் பெயிண்ட் அடிக்காதீர்கள். வெறும் தரையாகவே வைத்திருப்பது மேல். உலர்ந்திருந்தால், பல இடங்களில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே ஊறிக் கருத்தால் தரை தயார். முத்துமுத்தாக நின்றால் பெயிண்ட்டோ மெழுகோ இன்னும் இருக்கிறது.

கார் நிற்கும் இடத்துக்கு எனாமல் வேண்டாம்; ஓடிவந்த சூட்டோடு நிற்கும் டயர் அதைப் பிய்த்து எடுக்கும். எபாக்சி அடியுங்கள், டப்பாவில் சொன்ன கலவை அளவை மாற்றாமல். அடித்தபின் ஒரு வாரம் காரைத் தெருவிலேயே நிறுத்துங்கள்.