இழுத்தா அறுந்துபோற ஸ்லைமுக்கு

வணக்கம் சகோதரி. பையனுக்காகப் பசையில செஞ்ச ஸ்லைம் (இழுத்து விளையாடற கொழகொழப்பான பொருள்) இழுத்தா அறுந்துபோகுதுன்னும், வெங்காரத்தை (போராக்ஸ்) பொடியாவே ஒரு ஸ்பூன் போட்டதாவும் எழுதியிருக்கீங்க. கோளாறு அதுலதான். பசையைக் குறை சொல்ல வேண்டாம்.

வெள்ளைப் பசையில பாலிவினைல் ஆல்கஹாலோட நீளநீளமான சங்கிலி மூலக்கூறுகள் இருக்கு. தண்ணில கரைஞ்ச வெங்காரம் போரேட் அயனிகளைத் (போரான் இருக்கற, மின்னேற்றம் உள்ள துகள்கள்) தரும். அதுங்க ரெண்டு சங்கிலிகளுக்கு நடுவுல பாலம் போடும். இந்தப் பாலங்கள் அறுந்து அறுந்து திரும்ப ஒட்டிக்கும். மெதுவா இழுத்தா ஒட்டிக்க நேரம் கிடைக்குது, அதனால ஸ்லைம் வழியுது. வெடுக்குன்னு இழுத்தா நேரமில்ல, பட்டுன்னு அறுந்துடும். வெங்காரம் அதிகமாகிப் பாலம் அளவுக்கு மீறினா, மெதுவா இழுத்தாலும் வழியாம ரப்பர் மாதிரி விறைச்சு அறுந்துடும்.

இப்ப இருக்கறதைத் தூக்கிப் போடாதீங்க. வெதுவெதுப்பான தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பிசைங்க. அப்பவும் இளகலைன்னா ரெண்டு மூணு சொட்டு வினிகர். அமிலம் போரேட்டை போரிக் அமிலமா மாத்திடும், பாலங்கள் தளரும். அதிகம் விட்டா கூழாயிடும், கவனம்.

அடுத்த தடவை ஒரு கப் வெந்நீர்ல அரை டீஸ்பூன் வெங்காரத்தை முழுசாக் கரைச்சு, சமஅளவு தண்ணி கலந்த பசையில ஸ்பூன் ஸ்பூனா ஊத்திக் கிளறுங்க. பாத்திரத்தோட ஓரத்தை விட்டுத் திரண்டு வந்ததும் நிறுத்திடுங்க. வெங்காரத்தை நீங்களே கரைங்க, பையன் கையில கொடுக்காதீங்க. வாயில வைக்கிற தம்பி தங்கச்சி வீட்டுல இருந்தா இந்த விளையாட்டே வேண்டாம்.