வக்கீல் அல்லாதவர் மனித உரிமை வழக்குகளுக்கு எப்படித் துணை நிற்கலாம்?

"நான் வக்கீல் இல்லை, பெரிய வசதியும் இல்லை. மனித உரிமை வழக்கு நடத்துபவர்களுக்கு என்னால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சாட்சியோடு கூடப் போய் நில்லுங்கள். எங்கள் நெல்லைச் சீமையில் நான் பார்த்தவரை வழக்கு உடைவது அங்கேதான்.

பாளையங்கோட்டை கோர்ட் வராண்டாவில் ஒரு காலையில் நின்று பாருங்கள். சாதி வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல வந்த பீடி சுற்றும் அக்கா தூணோரம் நிற்பார். நாலடி தள்ளி, குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்தக்காரர்கள் கூட்டமாக நிற்பார்கள். பேரைக் கூப்பிட மதியமாகும். கூப்பிட்டபின் வாய்தா என்பார்கள். அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. ஊருக்குப் போனால், "ஒனக்கு எதுக்கு இந்த வேல, சமாதானமாப் போயிரு" என்று சொல்ல ஆள் காத்திருக்கும். வருஷக்கணக்கில் இப்படி இழுத்தடித்தால் யார்தான் தாங்குவார்? கடைசியில் சாட்சி சொன்னதை மாற்றிச் சொல்வார்; பிறழ் சாட்சி என்று எழுதி வழக்கை முடித்துவிடுவார்கள்.

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல் 11ஆவது விதி, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் போக்குவரத்துச் செலவும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படியும் தரச் சொல்கிறது. கேட்காமல் வந்து சேராது. மனு எழுதி, டிக்கெட்டை இணைத்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம்.

2020 சாத்தான்குளம் வழக்கை நினைத்துப் பாருங்கள். தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தபோது, தலைமைக் காவலர் ரேவதி மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலம் எவ்வளவு கனமானது! காக்கி உடுப்புப் போட்டவருக்கே பாதுகாப்பு தேவைப்பட்டது. கூலி வேலை செய்பவர் தனியாக எப்படி நிற்பார்?

அப்புறம், காகிதம். அடிபட்டவர் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனதுமே யார் அடித்தது, எதனால் அடித்தது என்று டாக்டரிடம் சொல்லிப் பதிய வைக்கக் கூட ஆள் வேண்டும். ஸ்டேஷனில் மனு கொடுத்தால், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நகரக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்பக் கட்டணமே கிடையாது; ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். எத்தனையோ நியாயமான புகார்கள் இந்தக் கெடுவில்தான் அடிபட்டுப் போகின்றன.

ஆங்கிலம் நன்றாக எழுத வருமா? ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ரிட் மனு போடும் வக்கீல்களிடம் சொல்லி வையுங்கள். பாதிக்கப்பட்டவர் தமிழில் எழுதிக் கொடுத்ததை ஒரு விவரமும் விடாமல் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தருபவர் அவர்களுக்குப் பெரிய பலம்.

வக்கீல் வைக்க முடியாதவருக்கு 15100 என்ற சட்ட உதவி போன் எண்ணைச் சொல்லுங்கள். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள், காவலில் இருப்பவர்கள் வருமானம் எவ்வளவானாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவசமாக வக்கீல் கேட்கலாம்.

வழக்குச் செலவுக்குப் பணம் கொடுப்பதென்றால் சிறு தொகையானாலும் மாதாமாதம் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். செய்தி சூடாக இருக்கும்போது பணம் வந்துவிடும். மூன்றாவது வருஷ வாய்தாவுக்குத்தான் கை கடிக்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பாதிக்கப்பட்டவரைப் பேச வைத்து வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். குறுக்கு விசாரணையில், அன்றைக்கு ஒன்று சொன்னாய், இன்றைக்கு ஒன்று சொல்கிறாய் என்று எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். பாலியல் வழக்கென்றால் பேரையோ அடையாளத்தையோ வெளியிடுவதே குற்றம்.